கல்வராயன் மலை: அன்று தூக்குக்குண்டு, இன்று செயற்கைக்கோள்

கடலூரை ஒட்டிய திருவந்திபுரம் என்றால் தேவநாதப் பெருமாள் கோயிலும் முகூர்த்த நாள் கல்யாணக் கூட்டமும்தான் நினைவுக்கு வரும். அந்த ஊருக்கு அதிகம் பேசப்படாத இன்னொரு பெருமையும் உண்டு. பூமியின் வடிவத்தைக் கண்டறியத் தென்னிந்தியாவில் முதன்முதலாக அளந்த நீளத்தின் தென்முனை அதுதான். அளந்தவர் வில்லியம் லாம்டன். காலம் 1803 வாக்கில். அவர் கண்ட அட்சரேகை 11 டிகிரி 44 நிமிடம் 53 விநாடி. அதே அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு மேற்கே 80 கிலோமீட்டர் வந்தால் கள்ளக்குறிச்சி. இன்னும் கொஞ்சம் போனால் கல்வராயன் மலை.

ராக்கெட் தளமோ விண்வெளி மையமோ இல்லாத மாவட்டம் இது. 2019 நவம்பர் 26 வரை விழுப்புரத்தின் ஒரு பகுதி. நெல்லும் கரும்பும் மரவள்ளியும் மரச் சிற்பமும்தான் இதன் அடையாளம். இங்கே இருந்துகொண்டு செயற்கைக்கோளின் பாதையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. லாம்டன் இரவெல்லாம் விழித்து எதைத் தேடினாரோ, அதே சங்கதிதான் இன்று மலைக்கு மேலே பறக்கும் செயற்கைக்கோள்களைத் திருப்பி நடத்துகிறது.

லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைப் பக்கம் வேலையைத் தொடங்கினார். 100 அடி எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் வேண்டாமென்று ஒதுக்கி, கை மாறி மாறிக் கல்கத்தா வழியாக இவரிடம் வந்து சேர்ந்தது. அதை 400 தடவை நீட்டி வைத்து ஏழரை மைல் அளக்க 57 நாள் பிடித்தது. அந்த ஒரு கோட்டை அடித்தளமாக வைத்துக்கொண்டு, கரையோரமாகத் தெற்கு நோக்கி முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு கடலூர்ப் பக்கம் வந்தார். நீளம் கிடைத்துவிட்டது. இரண்டு முனைகளுக்கும் இடையே எத்தனை டிகிரி என்பதற்கு வானத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு ஐந்தடி நீளத் தொலைநோக்கி ஒன்று. பித்தளையில் ஒரு வளைவு, வளைவுக்கு நேரே மெல்லிய கம்பியில் தொங்கும் ஒரு குண்டு. உச்சிக்கு அருகே கடக்கும் நட்சத்திரம் உச்சியிலிருந்து எவ்வளவு விலகிப் போகிறது என்று பார்ப்பதுதான் வேலை. உச்சி எது என்று யார் சொல்வது? அந்தக் குண்டுதான். கொத்தனார் சுவர் எழுப்பும்போது விடுகிற தூக்குக்குண்டேதான் அது. விலைதான் அதிகம்.

கிடைத்த விடை, இந்த அட்சரேகையில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர். துருவத்துக்குப் பக்கத்தில் இதே ஒரு டிகிரி 111.7 கிலோமீட்டர் வரும். அதாவது பூமி துருவங்களில் தட்டையாகவும் நடுவில் புடைத்தும் இருக்கிறது. நியூட்டன் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொன்னதுதான். நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவ ஆரம் 6,357. வித்தியாசம் 21 கிலோமீட்டர்.

ஆனால் தூக்குக்குண்டை அப்படியே நம்பிவிட முடியாது. பக்கத்தில் மலை இருந்தால் அது குண்டைத் தன் பக்கம் இழுக்கும். ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் வருவது ஒரு விகலை, மேலே சொன்ன விநாடிதான் இது. தரையில் அது 31 மீட்டர். வட இந்தியாவில் கலியாணா, கலியாண்பூர் என்ற இரு இடங்களுக்கு இடையே நட்சத்திரக் கணக்கும் தரைக் கணக்கும் ஐந்து விகலைக்குச் சற்று மேல் ஒத்துப்போகவில்லை. இமயமலை இழுக்கிறது என்றார்கள். 1855இல் பிராட் என்ற பாதிரியார் கணக்குப் போட்டுப் பார்த்தார். இமயமலையின் கனத்துக்குக் குண்டு ஏறத்தாழ 16 விகலை சாய்ந்திருக்க வேண்டும், சாய்ந்ததோ ஐந்துதான். மலைக்கு அடியில் கனம் குறைந்த வேர் இருக்கிறது என்ற புவியியல் கருத்து பிறந்தது இந்தக் கணக்கு உதைத்ததால்தான்.

நம் மலையை வைத்தும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கல்வராயன் மலையின் பரப்பு சுமார் 1,095 சதுர கிலோமீட்டர். அடிவாரத்திலிருந்து சராசரியாக 600 மீட்டர் உயரம் என்று வைத்து, பாறைக்குக் கன மீட்டருக்கு 2.7 டன் போட்டால், ஏறத்தாழ 1.8 லட்சம் கோடி டன். மலையின் நடுப்பகுதியிலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி, கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், இந்த மொத்தக் கனமும் அதை இரண்டரை, மூன்று விகலை மேற்கே இழுக்கும். தோராயக் கணக்குதான், நிலத்தடியில் உள்ளதைச் சேர்த்தால் கூடக் குறைய வரும். சுவர் எழுப்பும் கொத்தனாருக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. நட்சத்திரத்தைப் பார்த்து ஊரின் இடத்தைக் குறிக்கிறவருக்கோ 80 மீட்டர் போலத் தவறிவிடும்.

இந்தச் சாய்மானங்களோடு மல்லுக்கட்டித்தான் நில அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் பூமியின் வடிவத்துக்கான கணித உருவமாக, இந்தியாவுக்கென்று ஒரு நீள்கோளத்தைக் கணக்கிட்டார். நம் நாட்டுக்கு அது நன்றாகவே பொருந்தியது. இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் அதன் மேல்தான் நின்றன. கல்வராயன் மலை அடங்கிய 58 ஐ வரிசைத் தாள்களும் அப்படியே. ஒரே ஒரு குறை. அந்தக் கோளத்தின் மையம் பூமியின் உண்மையான நிறை மையத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் விலகியிருந்தது. தரையில் நின்று அளந்தவரை யாருக்கும் அது உறைக்கவில்லை. உறைக்க வைத்தவை செயற்கைக்கோள்கள்தான். அவை சுற்றுவது எவரெஸ்டின் மையத்தையல்ல, பூமியின் மையத்தை.

மலையின் மேலே நில அளவையின் நிலைமை வேறு. மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த கல்வராயன் மலை 1976இல்தான் அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. சமவெளியில் 66 அடிச் சங்கிலியும் எல்லைக் கல்லும் பட்டாவும் பழகிப்போன காலத்திலும், மலையில் எல்லை கேட்டால் ஓடையையும் பாறையையும் மரத்தையும் கைகாட்டுவதே வழக்கம்.

இன்று மலை மேலுள்ள வெள்ளிமலைப் பக்கம் நவீனக் கருவியோடு நிலம் அளக்க வருகிறவர் தோளில் சங்கிலி இல்லை. இரண்டு மீட்டர் கம்பு, அதன் தலையில் கிண்ணம் அளவில் ஒரு வாங்கி. டிஜிபிஎஸ் என்பார்கள், ரோவர் என்பார்கள். கம்பின் கூர்முனையை எல்லைக் கல்லின் தலையில் ஊன்றிவிட்டு, கம்பில் பொருத்திய சின்ன ரசமட்டத்தைப் பார்க்கிறார். குமிழி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கம்பை ஒரு மயிரிழை முன்னே, ஒரு மயிரிழை பக்கவாட்டில் சாய்க்கச் சாய்க்கக் குமிழி நகர்ந்து வட்டத்துக்குள் வந்து நிற்கும். அப்போதுதான் பொத்தானை அழுத்துவார். சில நொடிகளில் அந்தக் கல்லின் இடம் ஓரிரு சென்டிமீட்டர் துல்லியத்தில் பதிவாகிவிடும். செல்போன் சிக்னல் கிடைத்தால் பக்கத்து நிலையத்தின் திருத்தம் இணையம் வழியே வரும். சிக்னல் விட்டுப்போகும் மடிப்புகளில் தனியாக ஒரு பேஸ் கருவியை நட்டுவிட்டுத்தான் வேலை பார்க்க வேண்டும்.

குமிழியை நடுவுக்குக் கொண்டுவருவது எது? லாம்டனின் குண்டை இழுத்த அதே ஈர்ப்பு. விண்ணிலிருந்து அளந்தாலும் கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்பதை மண்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேலே செயற்கைக்கோள் சுற்றுகிறதே, அதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் படித்தவர்களிடமும் உண்டு. ஈர்ப்பு இல்லாத உயரத்துக்குப் போய்விட்டதால் அது விழாமல் நிற்கிறது என்று. ஜிபிஎஸ் கோள்கள் இருக்கும் 20,200 கிலோமீட்டர் உயரத்திலும் ஈர்ப்பு இருக்கிறது, தரையில் உள்ளதில் ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு. அவை விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. வெள்ளிமலை ஓரத்தில் நின்று கிழக்கே கிடைமட்டமாக ஒரு கல்லை எறிவோம். காற்றை மறந்துவிடுவோம். 600 மீட்டர் கீழே உள்ள சமவெளியைத் தொட அதற்கு 11 நொடி. வேகமாக எறிந்தால் அதே 11 நொடியில் அடிவாரத்துக் கச்சிராயப்பாளையத்தைத் தாண்டும், இன்னும் வேகமாக எறிந்தால் கடலூரைத் தாண்டும். கல் முதல் நொடியில் விழுவது 4.9 மீட்டர். பூமியின் முதுகோ 7.9 கிலோமீட்டருக்கு 4.9 மீட்டர் வளைந்து இறங்குகிறது. ஆகவே நொடிக்கு 7.9 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கல் எவ்வளவு விழுகிறதோ, அவ்வளவு தரையும் விலகிக்கொடுக்கும். விழுந்தபடியே 84 நிமிடத்தில் உலகைச் சுற்றி வந்துவிடும். எறிந்தவர் முதுகில் வந்து விழுமோ என்று பயப்பட வேண்டாம். அதற்குள் பூமி உருண்டு வெள்ளிமலை 21 டிகிரி கிழக்கே போயிருக்கும். கல் அரபிக்கடல் மேல் இருக்கும்.

உயரம் கூடினால் வேகம் குறையும், சுற்றும் நேரம் கூடும். 817 கிலோமீட்டரில் ஒரு சுற்றுக்கு 101 நிமிடம், ஜிபிஎஸ் உயரத்தில் ஏறத்தாழ 12 மணி நேரம், 35,786 கிலோமீட்டரில் பூமியின் ஒரு சுழற்சிக்குச் சரியாக ஒரு சுற்று. தேவையான வேகத்தைத் தேவையான இடத்தில் கொடுக்காவிட்டால் கோள் பாதி வழியில் நின்றுபோகும். 2025 ஜனவரி 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன என்விஎஸ்-02க்கு நடந்தது அதுதான். எரிபொருளை எரிக்கத் தேவையான வால்வு திறக்கவில்லை. கோள் நீள்வட்டப் பாதையிலேயே தங்கிவிட்டது. இந்தியாவின் சொந்த வழிகாட்டி அமைப்பான நாவிக்குக்கு அது பெரிய அடி.

ஈர்ப்பு கடிகாரத்தையும் விட்டுவைக்கவில்லை. ஜிபிஎஸ் கோளில் ஈர்ப்பு குறைவு என்பதால் அங்கே கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோநொடி முந்தும். வேகத்தால் 7 மைக்ரோநொடி பிந்தும். மிச்சம் 38. கேட்க அற்பமாக இருக்கும். திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் பிசகும். வெள்ளிமலையில் நட்ட கல் அடிவாரத்தில் இருப்பதாகக் காட்டும்.

லாம்டன் தேடிய புடைப்புக்கு வருவோம். இஸ்ரோவின் ரிசோர்ஸ்சாட்-2, 2ஏ கோள்கள் பூமியைப் படமெடுக்கின்றன. காட்டின் பரப்பு, பயிர், கோமுகி அணையில் நீர் விரிந்திருக்கும் அளவு என்று பலவும் இந்த வகைப் படங்களிலிருந்து கணக்கிடப்படுகின்றன. வடக்கிலிருந்து தெற்காக ஓடும் கோள் ஒன்றரை நிமிடத்தில் தமிழ்நாட்டைக் கடந்துவிடும். கல்வராயன் மலைக்கு ஐந்தாறு நொடி. முக்கியமான விஷயம், அது வரும் நாளெல்லாம் காலை பத்தரை மணி வாக்கில்தான் வரும். நிழல் ஒரே பக்கம் விழுந்தால்தான் போன மாதத்துப் படத்தையும் இந்த மாதத்துப் படத்தையும் ஒப்பிட முடியும். பூமியோ சூரியனைச் சுற்றி நாளுக்கு ஒரு டிகிரி போல நகர்கிறது. அப்படியானால் கோளின் பாதைத் தளமும் நாளுக்கு ஒரு டிகிரி திரும்ப வேண்டும். இதற்கு எரிபொருள் செலவழித்தால் கட்டுப்படியாகாது. பூமியின் நடுப் புடைப்பே அந்த வேலையைச் செய்கிறது. சாய்ந்து சுழலும் பம்பரம் கீழே விழாமல் தலையை மட்டும் வட்டமாகச் சுற்றுமே, அதுபோலப் புடைப்பின் இழுப்பில் பாதைத் தளம் விழாமல் மெல்லத் திரும்புகிறது. 817 கிலோமீட்டர் உயரம், 98.7 டிகிரி சாய்வு என்று தேர்ந்தெடுத்தால் திருப்பம் ஆண்டுக்குச் சரியாக ஒரு சுற்று. அன்று அளவையாளர்களின் உயிரை வாங்கிய 21 கிலோமீட்டர் இன்று சம்பளமில்லாத ஓட்டுநர்.

1988இல் ஐஆர்எஸ்-1ஏ பறக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்த மலை இந்தியாவின் சொந்தக் கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. கீழேயிருந்து மலையை ஏறெடுத்துப் பார்க்கத்தான் தாமதமாயிற்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து மலை மக்களின் சாலையையும் அடிப்படை வசதிகளையும் பற்றிக் கேள்வி கேட்டது. படம் இருந்தது, பார்வை இல்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

மலையில் செயற்கைக்கோள் வீட்டுச் சாமானாகிப்போனது டிஷ்ஷால். ஓட்டு வீடோ தொகுப்பு வீடோ, கூரையில் ஒரு தட்டு. தூர்தர்ஷனின் இலவச டிஷ் இருக்கும் 93.5 டிகிரி கிழக்குக் கோளைப் பிடிக்க, இங்கே தட்டின் பார்வை தென்கிழக்கே, அடிவானத்திலிருந்து 68 டிகிரி உயரத்துக்குப் போக வேண்டும். தட்டைப் பார்த்தால் அவ்வளவு அண்ணாந்திருப்பதாகத் தெரியாது. அலை சாய்வாக வந்து விழும்படி செய்த தட்டு அது. கோளுக்கும் கூரைக்கும் 36,200 கிலோமீட்டர். ஒரு தடவை மாட்டி இறுக்கினால் வருடக்கணக்கில் அசைக்க வேண்டியதில்லை, ஏனெனில் கோளும் மலையும் சேர்ந்தே சுற்றுகின்றன. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள், முற்பகல் பதினொரு மணி வாக்கில் சில நிமிடம் படம் தடுமாறினால் டிஷ்காரரைக் கூப்பிட வேண்டாம். சூரியன் கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் கோளும் சும்மா நிற்கவில்லை. நிலநடுக்கோடே சரியான வட்டமல்ல, லேசாக நீண்டிருக்கிறது. அந்த ஒழுங்கின்மை இப்படிப் பூமியோடு சேர்ந்து சுற்றும் கோள்களைக் கிழக்கு 75.3 டிகிரியை நோக்கித் தள்ளுகிறது. கண்ணூருக்கு நேர் தெற்கே, நிலநடுக்கோட்டுக்கு மேலே உள்ள இடம். உலகில் இப்படி இழுத்துப் பிடிக்கும் இடங்கள் இரண்டே. ஒன்று நம் பக்கத்தில், இன்னொன்று அமெரிக்காக்களின் பக்கம், மேற்கு 105 டிகிரியில். எரிபொருள் தீர்ந்து கைவிடப்பட்ட கோள்கள் பல 75 டிகிரியைச் சுற்றி ஊசலாடிக்கொண்டிருக்கின்றன. உயிரோடு இருப்பவை அவ்வப்போது பொறியைத் தட்டித் தம் இடத்தைத் தக்கவைத்துக்கொள்கின்றன.

இனி உயரம். இதில்தான் இன்றைய கருவிக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். செயற்கைக்கோள் தருவது கணித நீள்கோளத்திலிருந்து உள்ள உயரம், கடல்மட்டத்திலிருந்து அல்ல. உலகிலேயே ஈர்ப்பு பெரிதும் குறைந்த பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே கடல்மட்டம் நீள்கோளத்தை விட நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. அதன் ஓரத்தில்தான் தமிழ்நாடும் இருக்கிறது. திருத்தாத கருவியோடு மெரினாவில் நின்றால் ஏறத்தாழ மைனஸ் 90 மீட்டர் காட்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 2023இல் வெளியிட்ட ஆய்வில், ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்து வரும் சூடான, கனம் குறைந்த பாறைப் பொருள் இந்தப் பள்ளத்துக்குக் காரணமாகலாம் என்றார்கள். காரணம் எதுவானாலும், கோமுகி ஆறு ஓடுவது ஈர்ப்பு சொல்லும் மட்டத்தில். நீள்கோளத்தின் கணக்கு தண்ணீருக்குத் தெரியாது. வாய்க்கால் வெட்டுகிறவர் செயற்கைக்கோள் உயரத்தை, ஜியாய்டு எனப்படும் அந்த ஈர்ப்பு மட்டத்தின் கணக்கால் திருத்தியே தீர வேண்டும், அல்லது பழைய லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். வீட்டு அஸ்திவாரத்துக்கு இன்றும் கொத்தனார் தண்ணீர் நிரப்பிய டியூபைத்தான் நீட்டுகிறார். அதில் பிசகே இல்லை.

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் ‘ஈர்ப்பியல்’ என்றே ஒரு பாடம் இருக்கிறது. வெள்ளிமலையிலும் கருமந்துறையிலும் சின்னசேலத்திலும் அதை நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மீட்டர் நூலில் கூழாங்கல்லைக் கட்டி மரக்கிளையில் தொங்கவிடுங்கள். மெல்ல ஆட்டிவிட்டு 20 ஆட்டத்துக்கு நேரம் பாருங்கள். 40 நொடி வரும். அதிலிருந்து ஈர்ப்பு முடுக்கம் 9.8க்குப் பக்கத்தில் கிடைக்கும். அதைப் பூமியின் ஆரத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கச் சொல்லுங்கள். நொடிக்கு 7.9 கிலோமீட்டர் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது, யாருக்கும் விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கவும் வேண்டாம்.